நண்டுக்குக் கட்டிய அறை

அஜித்தாவின் இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து கிடந்தபோது, இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்தவர் தலை நிமிராமலே "வெயில்" என்றார். கருவாடு காயவைக்கிற சனத்தின் பிள்ளைக்கு வேறென்ன வரும்? முழங்கால் நோகுது என்றால் வளர்கிற வயசாம். கால் வீங்கினால் உப்பைக் குறைக்கட்டாம். கடைசியில் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடினபோதுதான் லூப்பஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தின்கிற வருத்தம். அதற்குள் பிள்ளையின் இரண்டு சிறுநீரகத்தையும் அது தின்று முடித்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலுக்குச் சோதனைக்கு வந்த கொழும்புப் பிள்ளைக்கும் அதே வருத்தம், அதே சிவப்பு. அந்த அம்மா முகத்தைக் கண்ட கிழமையே பெரிய டொக்டரிடம் கொண்டுபோனாளாம். பிள்ளை மருந்துக் குளிசை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகுது. போகட்டும், நல்லா இருக்கட்டும். எனக்கு அந்தப் பிள்ளையில் கோபமில்லை. மற்ற எல்லாரிலும் கோபம்.

நான் யூஜீனியா, அஜித்தாவின் மாமி. அவளுடைய அப்பா என் தம்பி. அவளுடைய அம்மா மார்த்தாவும் நானும் கற்பிட்டிப் பக்கம் லோறன்ஸ் முதலாளியிடம் நண்டுச் சதை எடுக்கிற வேலை.

அஜித்தாவின் வயிற்றில் குழாய் வைத்தார்கள். பையில் இருக்கிற மருந்துத் தண்ணியை உள்ளே விட்டு, பிறகு வெளியே எடுக்க வேண்டும். வார்டில் இருந்தே மார்த்தா அதைப் பழகிவிட்டாள். வீட்டிலேயே செய்யலாம், ஆனால் கூரைக்குக் கீழே மேல்தட்டு அடித்து, கழுவித் துடைக்கக்கூடிய மூடின அறை வேண்டும். கிருமி போனால் பிள்ளை தங்காது. அறை இல்லையென்றால் பிள்ளையை வீட்டுக்கு விடமாட்டார்கள்.

வீட்டைப் பார்க்க ஆஸ்பத்திரியில் இருந்து நஸ்லா மிஸ் வந்தா. ஓலைக் கூரை, மணல் தரை. மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுல ஏலா மார்த்தா. குறை நினைக்காதீங்க."

மார்த்தா மிஸ்ஸின் கையைப் பிடித்து நேரே நாங்கள் வேலை செய்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுவர் முழுக்க வெள்ளை மாபிள், மேலே தட்டு, ஜன்னலுக்கு வலை, கை படாமல் திறக்கிற பைப்.

"இந்த மாதிரி அறை காணுமா மிஸ்?"

"தாராளமாப் போதும். யார்ட அறை?"

"நண்டுட அறை."

மார்த்தா வாசலில் குறுக்கே இருந்துவிட்டாள். நண்டுக் கூடைகள் வெளியில் நின்றுவிட்டன. கொஞ்ச நேரத்தில் லோறன்ஸ் முதலாளி ஓடிவந்தார்.

"எழும்பு மார்த்தா. வெளிநாட்டுக்குப் போற சாமான். நண்டு கெட்டா ஆர் பொறுப்பு?"

"எண்ட பிள்ளை கெட்டதுக்கு ஆர் பொறுப்பு எண்டு முதல்ல சொல்லுங்க. பிறகு நண்டைப் பத்திக் கதைப்பம்."

கத்தியை மேசையில் வைத்துவிட்டு நானும் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பிறகு எங்களோடு சதை எடுக்கிற மாக்கிறட் வந்தாள். பிறகு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். வெயில் ஏற ஏறக் கூடைகளில் இலையான் மொய்த்தது. முதலாளி யாருக்கோ போன் எடுத்துக் கத்தினார், எங்களைப் பார்த்தும் கத்தினார், கடைசியில் தான் கணக்கு எழுதுகிற கந்தோர் அறையைப் பூட்டும் திறப்பை மார்த்தாவின் மடியில் எறிந்தார். அந்த அறையும் மாபிள்தான். மிஸ் சுற்றிப் பார்த்துவிட்டுச் சரி என்றா. அந்தக் கிழமையே அஜித்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

ஞாயிறு பூசையில் லோறன்ஸ் முதலாளியின் இரக்க குணத்துக்காக எல்லாரையும் செபிக்கச் சொன்னார் பங்குச் சுவாமி. முதலாளி முன் வரிசை வாங்கில் பணிவாகத் தலை குனிந்து இருந்தார். மார்த்தா இதைக் கேட்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் பூசைக்கு வரவில்லை. அது பிள்ளைக்குப் பை மாற்றுகிற நேரம்.