உதிர்ந்த சினை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைக் கவிழ்த்ததும் சினை கட்டாக விழவில்லை. முட்டை முட்டையாகப் பொலபொலவென்று தட்டு முழுக்க உருண்டது. கையுறை மாட்டிக்கொண்டிருந்த மார்லா ஒரு கை மாட்டியும் மறு கை மாட்டாமலும் அப்படியே நின்றுவிட்டாள்.

கடலை விட்டு அப்போதுதான் ஆற்றுக்குள் நுழைந்த சால்மனின் சினை இப்படி இருக்காது. முழங்கை நீளத்துக்கு இரண்டு கட்டு, மெல்லிய சவ்வு, அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு முட்டைகள். கத்திரிக்கோலால் நறுக்கினால் நறுக்கிய துண்டு துண்டாகவே நிற்கும். மீன் ஆற்றில் மேலே ஏற ஏற முட்டை பருக்கும், சவ்வு தளரும். கூழாங்கல் படுகைக்குப் போய் வாலால் குழி பறிக்கிற நேரத்தில் ஒவ்வொரு முட்டையும் தனியாகக் கழன்று வயிற்றுக்குள் காத்துக்கிடக்கும். மார்லாவின் தட்டில் கிடந்தது அந்தச் சினை. படுகை இருப்பது இரும்புப் பாலத்துக்கு மேலே, ஆறு வரும் பக்கம். அங்கே தூண்டில் போடுவதே குற்றம்.

காசுக்கு ஆட்களைப் படகில் மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் அண்ணன் டெல்பர்ட் சொன்ன கதை வேறு. காலையில் கழிமுகத்தில் படகு விட்டானாம், போர்ட்லேண்டிலிருந்து வந்த வாடிக்கையாளர்களுக்கு ஏழு மீன் விழுந்ததாம், மீனை அவர்கள் ஐஸ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு சினையை மட்டும் இவனிடம் விட்டுவிட்டார்களாம். முட்டைகளோடு ஒட்டிக் கிடந்த சவ்வுத் துண்டு ஒன்றை அவள் விரலால் நீவிப் பார்த்தாள். நரம்பில் ரத்தம் அப்படியே உறைந்திருந்தது. அண்ணன் தொப்பியை மறப்பான், மதியச் சாப்பாட்டை மறப்பான், படகில் விழுந்த மீனின் செவுளை அறுத்து ரத்தம் வடிய விடுவதை மட்டும் மறந்ததே இல்லை. ரத்தம் நின்ற சினை கறுத்து நாறும், தூண்டிலில் கோத்தால் அந்த இரையை மீன் மோந்துகூடப் பார்க்காது. இது அவசரத்தில் கிழித்த வயிறு.

"எங்க பிடிச்சே இத?"

"கழிமுகத்துலதான். ஏன், முட்டை உன்கிட்ட வேற அட்ரஸ் சொல்லுதா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். மார்லா சிரிக்கவில்லை. ஆனால் வேலையை நிறுத்தவும் இல்லை. பேனா முனையால் நரம்பைக் கீறி ரத்தத்தை வழித்தாள். வெங்காரமும் உப்பும் சர்க்கரையும் அளந்து, இளஞ்சிவப்புச் சாயப்பொடி கலந்து, முட்டைகளின் மேல் தூவிப் புரட்டினாள். ஒரு மணி நேரத்தில் முட்டைகள் தண்ணீர் விட்டுச் சுருங்கின. பிறகு விட்ட தண்ணீரைத் தாங்களே குடித்து மறுபடி உருண்டு திரண்டு, அழுத்தினால் ரப்பர் மாதிரி நின்றன. அந்தக் கரையோரத்தில் இந்தப் பதம் மார்லாவுக்கு மட்டும்தான் வரும். வாடிக்கையாளர்கள் டெல்பர்ட்டின் படகில் ஏறுவதே இவள் சினைக்காகத்தான் என்று படகுத்துறையில் கேலி பேசுவார்கள், அதில் பாதி உண்மை. டிசம்பரில் ஸ்டீல்ஹெட் மீன் ஆற்றில் ஏறத் தொடங்கும். மூன்று மாதம் அதற்குச் சினைதான் இரை. இந்த வருஷம் மழை தாமதம், கழிமுகத்தில் மீனே இல்லை, குளிர்பெட்டி காலி. காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு அண்ணன் என்ன செய்வான் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

இரண்டு வாரம் முன்பும் இப்படித்தான் ஒரு பை வந்தது. மழையில்லாமல் மீன் கழிமுகத்திலேயே மாதக்கணக்காகக் கிடந்து முற்றிவிட்டது என்றான் அப்போது. சரி என்று விட்டாள். உதிரி முட்டை டெல்பர்ட்டின் தூண்டிலுக்கு அவ்வளவு தோதுப்படாது, அவனுக்குக் கட்டுதான் வேண்டும். அதனால் மிஞ்சியதில் ஒரு பாட்டிலை எர்மெலிண்டாவுக்குக் கொடுத்தாள். இருவரும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை செய்பவர்கள். எர்மெலிண்டாவின் புருஷன் நெஃப்தாலி பால்பண்ணையில் கறவை வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலயத்துக்குப் பின்னாடி கரையில் நின்று தூண்டில் போடுவான். கடையில் வாங்கும் முட்டை கூழாகிப் போகிறது, மீனுக்குப் பதிலாகத் தூண்டில் முள்ளுக்குத்தான் சோறு போடுகிறார் என்று எர்மெலிண்டா ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சிரித்தாள். மறுநாளே மார்லா பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். அவ்வளவுதான் விஷயம்.

செவ்வாய்க்கிழமை எர்மெலிண்டா வேலைக்கு வரவில்லை. காரணத்தைத் தலைமைச் சமையல்காரி பாத்திரம் கழுவும் இடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பாலத்துக்கு மேலே புதிதும் அழுகியதுமாகப் பதினொரு பெட்டை மீன், வயிற்றைக் கிழித்துச் சினையை மட்டும் உருவிக்கொண்டு புதரில் வீசியிருக்கிறார்கள். மீன்வளப் போலீஸ் நெஃப்தாலி குடியிருக்கும் பண்ணை டிரெய்லர் வீட்டுக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறது. உள்ளே ஒரு பாட்டில் சினை, எல்லாம் உதிரி. எல்லை தாண்டிப் பிழைக்க வந்த இந்த ஆட்களுக்கு ஆறும் தெரியாது சட்டமும் தெரியாது, கண்டதைப் பிடித்துத் தின்பார்கள் என்றாள் தலைமைச் சமையல்காரி. பதினொரு மீனையும் தின்னாமல் வீசியிருக்கிறார்களே என்று யாரும் கேட்கவில்லை. மார்லாவும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் நேராக அண்ணன் ஷெட்டுக்குப் போனாள். டெல்பர்ட் படகு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். நெஃப்தாலி வீட்டில் கிடைத்தது தான் கொடுத்த பாட்டில் என்று சொன்னாள். அவன் கையிலிருந்த ஸ்பானர் நின்றது.

"நீ எதுக்கு அவனுக்குக் குடுத்தே?"

"நீ எதுக்குப் பாலத்துக்கு மேல போனே?"

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மார்லாவுக்குத் தோன்றியது. முட்டையிட்டதும் எப்படியும் சாகப்போகிற மீன்தானே என்றான். முட்டையிட்ட பிறகு சாகிற மீன் என்றாள் அவள். சினை இல்லாமல் குளிர்காலம் ஓட்ட முடியாது என்றான், முப்பது நாளுக்கு ஆள் பதிவாகியிருக்கிறது என்றான், ஒரு தடவை என்றான், அப்புறம் இரண்டு தடவை என்றான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவனே தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னான். மீன்களை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் போலீஸுக்குப் போன் போட்டது அவன்தான். பால்பண்ணை ஆள் ஒருத்தனைப் பாலத்துப் பக்கம் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறான். இருபது வருஷமாகக் கைடு வேலை பார்க்கிறவன் சொன்னால் போலீஸ் நம்பாமல் என்ன செய்யும்.

"பேர் சொன்னியா?"

"சொல்லல. ஆத்துல தூண்டில் போடுற பால்பண்ணைக்காரன் எத்தன பேரு இருக்கான் இங்க?" ஸ்பானரை மேசையில் வைத்தான். "உன் பாட்டில் அங்க இருக்கும்னு நான் கண்டனா மார்லா? சும்மா விசாரிச்சிட்டு விட்டுருவாங்கன்னுதான் நெனச்சேன்."

புதன்கிழமை போலீஸ்காரர் ஷெட்டுக்கு வந்தார். ஹால்வர்சன் என்று பெயர், டெல்பர்ட்டோடு பள்ளியில் பேஸ்பால் ஆடியவர். பாட்டிலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இளஞ்சிவப்பு, ரப்பர் பதம், ஒரு முட்டைகூட உடையவில்லை. மார்லாவின் பெயரை அதில் எழுதி ஒட்டியது போல இருந்தது. நீங்கள் கொடுத்ததாக அந்த ஆள் சொல்கிறான், உண்மையா என்றுதான் கேட்டார். வீசிய மீன்கள் எங்கள் குளிர்பெட்டியில் இருக்கின்றன, எந்த முட்டை எந்த மீனுடையது என்று மாநில ஆய்வகம் சொல்லிவிடும், இரண்டு மூன்று வாரமாகும் என்றும் சொன்னார்.

"நாங்க உதிரி முட்டை போடுறதே இல்ல ஹால்," என்றான் டெல்பர்ட். "கட்டு மட்டும்தான். ஊருக்கே தெரியும்."

ஹால்வர்சன் அவனைப் பார்க்கவில்லை. மார்லாவையே பார்த்தார். அவள் பின்னால் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் ஞாயிற்றுக்கிழமைச் சினை ஒன்பது பாட்டில் இருந்தது.

"நான் குடுக்கல," என்றாள்.

இரண்டே வார்த்தை. அவர் நோட்டில் எழுதிக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். டெல்பர்ட் அவள் தோளில் கை வைத்தான். அவள் உதறவில்லை. அதை நினைத்து அன்று முழுக்க அவளுக்குத் தன் தோளே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் எர்மெலிண்டா சமையலறையின் பின்வாசலுக்கு வந்தாள். கணக்கு முடித்துச் சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். அழுத முகமில்லை. தூங்காத முகம். பண்ணைக்காரன் நெஃப்தாலியை வேலையை விட்டு நிறுத்திவிட்டானாம், டிரெய்லரைச் சனிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டானாம். வழக்கு என்று வந்தால் முட்டைக் கேள்வியோடு நிற்காது, குடியேற்றக் காகிதம் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், நெஃப்தாலியின் தம்பியும் அதே டிரெய்லரில்தான் இருக்கிறான். இதையெல்லாம் அவள் அடுக்களைச் சாமான் எண்ணுவது போலச் சொன்னாள்.

"நீ பயந்திருப்பே. அவரும் அதான் சொன்னாரு," என்றாள். "ஆனா மார்லா, பாட்டிலக் குடுத்தது நீதான. நான் கேக்கக்கூட இல்லயே."

மார்லா வாயைத் திறந்தாள். அண்ணன், லைசென்ஸ், குளிர்காலம் என்று ஏதேதோ வந்தது. எர்மெலிண்டா சீருடையை மடித்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, அவள் முடிக்கும்வரை காத்திருக்காமல் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மார்லா வேலைக்குப் போகவில்லை. டெல்பர்ட் ஆற்றுக்குப் போயிருந்தான். ஷெட்டைத் திறந்து ஒன்பது பாட்டிலையும் ஐஸ் பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றினாள். போகிற வழியில் பாலத்தருகே ஒரு தடவை வண்டியை நிறுத்தினாள். திரும்பிவிடலாமா என்று பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அப்பா போன பிறகு அவளை வளர்த்தது டெல்பர்ட். அதுவும் பொய்யில்லை. அது பொய்யாக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தாள்.

ஹால்வர்சனின் மேசையில் காகிதத்தை விரித்து ஒரு பாட்டிலைக் கவிழ்த்தாள். உதிரி முட்டை மேசையில் ஓடியது. பக்கத்தில் குளிர்பெட்டி மூலையில் கடைசியாக மிஞ்சியிருந்த போன வருஷக் கட்டு ஒன்றை வைத்தாள்.

"இது கழிமுகத்து மீன். இது படுகைல கிடந்த மீன். என் பதம் ரெண்டுலயும் ஒண்ணுதான், மீன்தான் வேற. நெஃப்தாலி வீட்டுல இருந்தது நான் போட்டது, நான் குடுத்தது. சினையக் கொண்டுவந்தது டெல்பர்ட்."

அவர் நோட்டைப் புரட்டினார். புதன்கிழமை சொன்னது என்று ஆரம்பித்தார். பொய் என்றாள். அதற்கும் வழக்கு உண்டு என்று தெரியுமா என்றார். தெரியும் என்றாள். படுகைச் சினை என்று பார்த்ததுமே தெரிந்ததா, தெரிந்துதான் பதம் போட்டீர்களா என்று கேட்டார். மேசையில் ஓடிய ஒரு முட்டையை அவள் எடுத்துக் காகிதத்தில் வைத்தாள்.

"தெரிஞ்சுதான்," என்றாள்.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவள் கேட்டுக்கொண்டதால் பண்ணைக்காரனுக்கு அவள் முன்னாலேயே போன் செய்தார். ஆள் தப்பானவனில்லை என்று இவர் சொன்னதும் அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசியது. ஹால்வர்சன் போனை வைத்துவிட்டு, நேற்றே வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம் என்றார். அப்படிச் சொல்லும்போது சுவரைப் பார்த்தார்.

சாயங்காலம் போலீஸ் வந்து டெல்பர்ட்டின் லைசென்ஸையும் தூண்டில்களையும் எடுத்துக்கொண்டு போனது. அவன் அவளைத் திட்டவில்லை. ஷெட்டின் சாவியைக் கேட்டான், கொடுத்தாள். "வெளியாளுக்காக," என்றான். வெளியாள் யார் என்று அவனிடம் கேட்டிருக்க வேண்டும் என்று வண்டியில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

சனிக்கிழமை காலை அவள் டிரெய்லருக்குப் போனபோது மழை பிடித்திருந்தது. ஊரே ஒரு மாதமாக எதிர்பார்த்த மழை. நெஃப்தாலியும் தம்பியும் பழைய பிக்கப் வண்டியில் கட்டிலை ஏற்றித் தார்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலைக்கு அப்பால் யக்கிமாவில் மாமன் மகன் இருக்கிறானாம், ஆப்பிள் பொறுக்கிக் கட்டும் ஷெட்டில் வேலை கிடைக்குமாம். இதை நெஃப்தாலிதான் மரியாதையாகச் சொன்னான். வழக்கு இல்லை என்று ஹால்வர்சன் காலையிலேயே வந்து சொல்லிவிட்டாராம். நன்றி என்று தொப்பியைக் கழற்றினான். அந்த நன்றியை வாங்கி எங்கே வைப்பதென்று மார்லாவுக்குத் தெரியவில்லை.

எர்மெலிண்டா ஒரு மெத்தையைத் தனியாக வாசற்படியில் இழுத்துக்கொண்டிருந்தாள். மார்லா ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தாள்.

"விடுங்க," என்றாள் எர்மெலிண்டா. "நாங்க தூக்கிக்குறோம்."

"நான் போய்ச் சொல்லிட்டேன் எர்மெலிண்டா. எல்லாத்தையும்."

"கேள்விப்பட்டேன். புதன்கிழமை சொல்லியிருந்தா இந்த மெத்தை உள்ளயே கிடந்திருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. மெத்தையின் ஓரம் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் வந்து மறுமுனைக்காகக் கையை நீட்டினான். மார்லா விட்டுவிட்டு நகர்ந்து வழிவிட்டாள்.