சந்தனம் வைத்த நகல்

ஆயுத பூஜையன்று ராஜபாளையம் ஸ்கேன் சென்டரில் நான் செய்த காரியத்துக்குக் காலையில் அப்கிரேடு என்று பெயர். மத்தியானத்துக்குள் அதற்கு வேறு பெயர்கள் வந்துவிட்டன. வரவேற்பில் இருக்கும் ஹெப்சிபா அவற்றை வாயால் சொல்லவில்லை. பார்வையால் சொன்னாள்.

நான் சுயம்புலிங்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பலகையில் 'ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் முதல் இரண்டு எழுத்தை வெயில் தின்றுவிட்டது. மிச்சத்தை நானே தின்றுவிடுவேன் போலிருக்கிறது.

சென்டரின் சர்வரில் லினக்ஸ். பல வருடத்துக்கு மாற்றவே வேண்டாம், ஓட்டை விழுந்தால் நாங்கள் அடைத்துத் தருகிறோம் என்று செய்தவர்களே உறுதி கொடுக்கும் ரகம். அதற்குள், பெட்டியே இல்லாமல் மென்பொருளால் மட்டும் ஆன ஒரு பொய்க் கம்ப்யூட்டர் ஓடுகிறது. பொய்க் கம்ப்யூட்டருக்குள் பழைய விண்டோஸ், அதற்குள் பழைய ஸ்கேன் படங்களைக் காட்டும் மென்பொருள். இந்தப் பொய்யை உண்டாக்குகிற மென்பொருள் பழசாகி, வாரம் ஒருமுறை திணறியது. இப்போது அதே லினக்ஸுக்கு அதன் புதுப் பதிப்பையும் தருகிறார்கள். விடுவேனா?

"அஸ்திவாரத்தத் தொடவே மாட்டேன் சார். மாடி மட்டும் புதுசு" என்று மேனேஜர் நவநீதகிருஷ்ணனிடம் சொன்னேன்.

"மாடியில குடியிருக்கவங்களுக்கு எடஞ்சல் வராதுல்ல?"

"மாத்துனதே தெரியாது சார்."

பூஜைக்காக மெஷின்களை நிறுத்தும் நாள் என்பதால் அன்றைக்கே வைத்துக்கொண்டோம். முதலில் பொய்க் கம்ப்யூட்டரை முழுதாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அவ்வளவு மடையன் இல்லை. புதுப் பதிப்பு அழகாக ஏறியது. அங்கேயே எழுந்து போயிருக்கலாம். பொய்க் கம்ப்யூட்டரின் மாடல் பழசாகவே இருக்கட்டுமா, புதுசாக மாற்றவா என்று திரை கேட்டது. பழையதைத் தொடாதே என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருந்தது. புது மாடியில் பழைய கட்டில் எதற்கு என்று நான் புதுசை அமுக்கினேன்.

விண்டோஸ் எழுந்தது. ஸ்கேன் மென்பொருள் மட்டும், 'இது வேறு கணினி, இங்கே உரிமம் செல்லாது' என்று கதவைச் சாத்திக்கொண்டது. அவசரமாகப் பழைய மாடலுக்குத் திரும்பினேன். ஒருமுறை சந்தேகப்பட்டதற்குப் பிறகு அது எதையும் நம்பவில்லை. படங்களோ அதற்கு மட்டுமே புரிகிற வடிவத்தில் இருந்தன. சென்னையில் அதை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால், பூஜை விடுமுறை என்று ஒரு குரல் சொல்லிவிட்டு நாதஸ்வரம் வைத்தது.

அந்த நேரத்தில்தான் ஆலங்குளத்திலிருந்து சமுத்திரம் வந்தார். பின்னாலேயே அவர் மனைவி சிவரஞ்சனி, முந்தின நாள் எடுத்த புது ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சித்திரையில இங்கதான் தாயி எடுத்தோம். அந்தப் படம் கூரை ஒழுகி ஒட்டிப்போச்சு" என்றார் சமுத்திரம், ஹெப்சிபாவிடம். "இவளுக்கு ஈரல்ல ஒரு கட்டி. அது வளந்துருக்கா, அப்படியே இருக்கான்னு ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்னுட்டாக. மதுரையில இருந்து வார டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல அஞ்சு மணி வரைக்கும்தான் இருப்பாகளாம்."

மணி மூன்றரை.

"நகல் இருக்கு அண்ணாச்சி. செத்த நேரம்" என்றேன் தெம்பாக.

"நகல் எங்க இருக்குண்ணே?" என்றாள் ஹெப்சிபா. கேட்டுவிட்டு அவளே முன்கூடத்தைக் காட்டினாள்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், ஆம்புலன்ஸ் சாவி, நடுவில் என் ஹார்டு டிஸ்க். வைத்தவன் நான்தான். எங்க தொழிலுக்கு இதுதானே ஆயுதம் என்று வசனம் வேறு பேசியிருந்தேன்.

"பூஜையில வச்சத நாளைக்குக் காலைல ஏழரைக்குத்தான் எடுக்கணும்" என்று நவநீதகிருஷ்ணன் குறுக்கே வந்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு அவரே டிஸ்க்கை எடுத்துக் கண்ணில் ஒற்றி என்னிடம் நீட்டினார். "கோவிச்சா என்னயக் கோவிக்கட்டும். பாருப்பா."

டிஸ்க்கில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவே குங்குமம். ஒரு பொட்டு சரியாக ஒயர் சொருகும் துளைக்குள் இருந்தது.

"இங்கயா சார் வச்சீங்க?"

"அதுதான்ப்பா மொகம் மாதிரி இருந்துச்சு. நெத்தியில வைக்கணும்ல?"

சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஹெப்சிபா சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். "மெதுவாண்ணே. காது குத்துத மாதிரி."

மெதுவாகத்தான் குத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. நாலு மணிக்கு எனக்குப் பொறுமை போயிற்றோ, கை வியர்த்ததோ, 'டிக்' என்று ஒரு சத்தம். துளைக்குள் ஒயரைப் பிடிக்கிற சின்ன நாக்கு ஊக்கோடு வெளியே வந்துவிட்டது.

மதுரையில் டிஸ்க் பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டேன். கடைக்குப் பூஜை, நாளை மறுநாள் கொண்டு வா என்றார்.

"இன்னும் எம்புட்டு நேரம் ஆகும் தம்பி?" என்றார் சமுத்திரம்.

"இன்னைக்கு முடியாது அண்ணாச்சி." டிஸ்க்கை அவரிடம் காட்டினேன். "மிஷின் மேல தப்பு இல்ல. நான் செஞ்சதுதான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஹெப்சிபா பக்கம் திரும்பினார். "டாக்டர் பொறவு எப்ப வருவாக?"

"அடுத்த புதன்கிழமை."

சிவரஞ்சனிக்குக் கேட்டுவிட்டது. கவரை மடியில் நேராக்கினார். "அப்ப புதன்கிழமை வரைக்கும் அது வளரலன்னே வச்சுக்கிடலாம்ல?" என்று கணவரிடம் கேட்டார்.

"வச்சுக்கிடலாம்" என்றார் அவர், தரையைப் பார்த்து.

ஹெப்சிபா ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்தாள். பிள்ளைகளுக்கு இன்னொன்று வேண்டும் என்று சிவரஞ்சனி கேட்டு வாங்கிக்கொண்டார். இருவரும் ஆலங்குளம் பஸ்ஸுக்கு நடந்தார்கள். சமுத்திரம் முன்னால் போய், நின்று, மனைவி வரும்வரை பார்த்து, மறுபடி நடந்தார்.

கையில் இருந்த டிஸ்க்கை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கொண்டுபோய்ப் பூஜையிலேயே வைத்தேன். நவநீதகிருஷ்ணன் பக்கத்தில் வந்தார். உடைந்த துளை சுவரைப் பார்த்து இருக்கும்படி அதைத் திருப்பி வைத்தார்.