சத்தம் போடாத ஃபேன்

பானுமதியின் கம்ப்யூட்டர் காலை ஒன்பது மணிக்குக் கத்த ஆரம்பித்தால், கரண்டு போனால்தான் வாயை மூடும். முதலில் ஒரு முனகல், அப்புறம் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவது போல ஒரு கடகடப்பு, அரை மணி நேரம் ஓடிச் சூடேறிவிட்டால் மாவு மில்லே வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இரைச்சல். மேசைக்கு அடியில் இருக்கிற சிபியு பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஃபேன் உட்கார்ந்துகொண்டு இத்தனை அமர்க்களமும் பண்ணியது. இந்தச் சத்தத்துக்காகவே கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டப் போவதாகப் பக்கத்து வீட்டு அமிர்தம் சொல்லியிருந்தாள். கட்டட்டும், சாமியாவது வந்து என்னவென்று பார்க்கட்டும் என்றாள் பானுமதி. சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல்தான் அதைச் சொன்னாள்.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. வீட்டிலேயே தமிழ் டைப்பிங் செய்கிறாள். கல்யாணப் பத்திரிகை, மனு, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பாள். இப்போது ஆவணி. காலாண்டுப் பரீட்சை நெருங்கியதில் நல்லூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாவற்றையும் அவள் தலையில் கொட்டிவிட்டிருந்தது. வாத்தியார்களின் கையெழுத்தைப் படித்துப் படித்துக் கண் எரிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது.

ஆனால் ஃபேனை மாற்றியே தீர வேண்டும் என்று அவள் முடிவெடுத்தது கழுத்துக்காகவும் இல்லை, அமிர்தத்துக்காகவும் இல்லை. புருஷனின் மூச்சுக்காக.

ராஜமாணிக்கம் பத்தொன்பது வருஷமாகப் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் அரவை மில்லுக்குக் கல்மாவு கொட்டுகிற வேலை பார்த்தவர். மாசி மாதம் ஒரு நாள் மூட்டையைத் தூக்கியவர் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். இப்போது உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்கிறார். சூப்பர்வைசர் கோதண்டபாணி போன் செய்து, திங்கட்கிழமை வந்து சேர்ந்தால் இடம் இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியதுதான், உடம்பு சரியாகிவிட்டது என்று நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அந்த லெட்டரையும் பானுமதிதான் அடிக்க வேண்டும். ராஜமாணிக்கம் மூன்று நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிய அன்று டாக்டரம்மா பானுமதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. "அவரு வாயால சொல்றத நம்பாதம்மா. சும்மா உக்காந்திருக்கும்போது மூச்சுல விசில் மாதிரி சத்தம் வருதான்னு பாரு. வந்துச்சின்னா அந்தத் தூசிப் பக்கமே அனுப்பாத."

எங்கே பார்ப்பது? ராத்திரியில் அவர் காற்று வேண்டும் என்று மொட்டை மாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். பகலெல்லாம் அவளுடைய மேசைக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்ததே கிடையாது மனுஷன். சீக்கு வந்தபிறகு பெண்டாட்டி அருமை தெரிகிறது என்று அவள் உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்துத்தான் போயிருந்தாள். ஆனால் அந்த இடத்தில் ஃபேன் போடுகிற கூச்சலில் அவர் பேசுவதே பாதிதான் காதில் விழும். மூச்சு எங்கே கேட்கும்? மெஷினை நிறுத்தினாலோ, நீட்டி நிமிர்ந்து டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற சாய்பிரசாத்திடம் போய்ப் புது ஃபேன் வாங்கி வந்தாள். ஃபேனும் அடியில் அலுமினியத் தகடுகளும் ஒன்றாகச் சேர்ந்த பொருள். நானே வந்து மாட்டித் தருகிறேன், சாயங்காலம் ஆகும் என்றான் அவன். சாயங்காலத்துக்குள் ஏழாம் வகுப்பு அறிவியல் முடிந்தாக வேண்டும். எப்படி மாட்டுவது என்று போனில் ஒரு வீடியோவைப் பார்த்தாள், சத்தம் வைக்காமல், பாதி வரை. போதும், இதென்ன பெரிய வித்தையா என்று உட்கார்ந்துவிட்டாள்.

ராஜமாணிக்கத்துக்குப் பிடிக்கவில்லை. "ஓடுற வரைக்கும் ஓடட்டுமே பானு. நல்லாத்தானே இருக்குது," என்றார்.

நல்லா இருக்கிறதாம். அவள் மெஷினை நிறுத்திவிட்டுத் திருகுகளைக் கழற்றினாள். அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, டீ குடிச்சிட்டு வரேன் என்று போய்விட்டார்.

பெட்டியின் மூடியைத் திறந்ததும் அவளுக்கே பகீரென்றது. உள்ளே ஊரே இருந்தது. பீங்கான் கம்பெனிகள் இருக்கிற எஸ்டேட்டுக்குப் பின்தெருவில் குடியிருக்கிறவர்களுக்கு வெள்ளைத் தூசி புதிதில்லை. காயப்போட்ட துணியில், குடத்து விளிம்பில், சாமி படத்துக் கண்ணாடியில் என்று காலையில் துடைத்தால் மத்தியானம் வந்து உட்கார்ந்திருக்கும். அந்தத் தெருப் பெண்களின் கை வெள்ளையாக எதைக் கண்டாலும் துடைத்துவிடும். புத்தியைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. ஃபேனின் இறக்கைகளில் அந்தத் தூசி அப்பம் போல அப்பியிருந்தது. இதைச் சுமந்துகொண்டு இத்தனை நாள் சுற்றியதே பெரிசு, கத்தாமல் என்ன செய்யும் என்று அவளுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

ஃபேனைப் பிடித்திருந்த நாலு பிளாஸ்டிக் கால்களையும் திருப்பி அதைத் தூக்கினாள். அடியில் இருந்த சதுரச் சிப்பின் மேல் காய்ந்துபோன வெள்ளைப் பசை திட்டாக ஒட்டியிருந்தது. இங்கேயும் வந்துவிட்டாயா என்று ஈரத்துணியைப் பிழிந்து அழுத்தி அழுத்தித் துடைத்து, முகம் பார்க்கிற மாதிரிப் பளபளவென்று ஆக்கினாள். புது ஃபேனைப் பிரித்தால் அதன் அடியிலும் வெள்ளையாக ஒரு பூச்சு. சாய்பிரசாத் கடையிலும் தூசிதான், புதுச் சரக்கைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அதையும் சுத்தமாகத் துடைத்தாள். பிறகு நாலு கால்களையும் டக், டக்கென்று அழுத்தி மாட்டினாள்.

பட்டனைத் தட்டியதும் விளக்கு எரிந்தது. சத்தமே இல்லை. அவளுக்குத் தன்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. ஏழாம் வகுப்பில் நாலாவது கேள்வி அடிக்கும்போது திரை இருண்டுவிட்டது. மறுபடி போட்டாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடி போய்விட்டது. மூன்றாவது தடவை விண்டோஸ் முழுதாக வருவதற்குள்ளேயே உயிரை விட்டது. அடித்த கேள்வியெல்லாம் போச்சு. பானுமதி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகை வரும்போலத்தான் இருந்தது, ஆனால் அழுது முடித்துவிட்டு முகம் கழுவ வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது.

சிபியு பெட்டியைப் போர்வையில் சுற்றி, கழற்றிய ஃபேனையும் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஜங்ஷன் ரோட்டுக்குப் போனாள். சாய்பிரசாத் மூடியைத் திறந்து, ஃபேனைத் தூக்கிப் பார்த்தான்.

"சிப்பு மேல வெள்ளையா பசை இருந்துச்சேக்கா?"

துடைத்துவிட்டேன் என்றாள்.

"புது ஃபேன்ல இருந்ததையும்?"

அதையும்தான் என்றாள், குரல் இறங்கிப்போய்.

அவன் சிரிக்கவில்லை. சிரித்து அலுத்தவன். இந்த ஊரில் மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படித் துடைத்துவிட்டு வருகிறார்கள் என்றும், சிப்பின் சூட்டைத் தகட்டுக்கு ஏற்றிவிடுவதே அந்தப் பசைதான், அது இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும், அடியில் சிப்பு வெந்துகொண்டிருக்கும், தாங்காமல் மெஷின் தானாக நின்றுவிடும் என்றும் சொன்னான். பிறகு ஒரு சின்னக் குழாயிலிருந்து பட்டாணி அளவு வெள்ளைப் பசையைச் சிப்பின் நடுவில் வைத்து ஃபேனை மாட்டினான். கால் மணி நேரம் ஓடவிட்டுக் காட்டினான். நிற்கவில்லை. பையிலிருந்த பழைய ஃபேனை எடுத்து, இது எதுக்குக்கா என்று குப்பைப் பெட்டியில் போட்டான்.

வீட்டுக்கு வந்து மறுபடி இணைப்பெல்லாம் கொடுத்து உட்காரும்போது மணி மூன்று. ராஜமாணிக்கம் சாப்பிட்டுவிட்டு அவருடைய வழக்கமான நாற்காலியில், வழக்கமான இடத்தில், பேப்பரை மடியில் வைத்தபடி தூங்கிப்போயிருந்தார். அவரை எழுப்ப வேண்டாமென்று அவள் மெதுவாகப் பட்டனைத் தட்டினாள். ஓடுகிறதா என்றே தெரியவில்லை. குனிந்து, பெட்டியின் ஓட்டை வழியாக ஃபேன் சுற்றுவதைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். முதல் கேள்வியிலிருந்து திரும்பவும் அடிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு வரி அடித்திருப்பாள். எங்கிருந்தோ ஒரு சத்தம். மெல்லிசாக, இழுத்து இழுத்து, தூரத்தில் யாரோ விசில் ஊதுவது போல. நின்றது. மறுபடி வந்தது. போச்சு, புது ஃபேனும் கோளாறு, இவ்வளவு அலைந்தும் பயனில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மேசைக்கு அடியில் மண்டியிட்டுப் பெட்டியின் மேல் காதை வைத்தாள்.

பெட்டிக்குள் காற்றுச் சத்தம் மட்டும்தான் இருந்தது. விசில் அவள் தலைக்கு மேலே, இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே திரும்பி அவருடைய நெஞ்சைப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் சட்டைப் பொத்தான் ஏறி, இழுத்துப் பிடித்து நின்று, விசிலோடு இறங்கியது. மொட்டை மாடி, நாற்காலி, மெஷின் நின்றதும் டீ, ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்ற பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கியது.

அவர் கண் விழித்தார். தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். அறையின் நிசப்தம் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும், சட்டென்று மூச்சை அடக்கிக்கொண்டார். எவ்வளவு நேரம் அடக்குவது? இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. இருமி முடித்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை இதுதான்.

"பழைய ஃபேன என்னா பண்ண?"

"கடையிலயே போட்டாச்சிங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, சித்திரையிலிருந்து என்றார். தேறவே இல்லை, மகள் ஸ்மிருதிக்கு நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, நீ ஒருத்தியே கண்ணு போக அடிக்கிறாய், நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதா என்றார். பானுமதிக்குக் கோபம் வந்தது. ஒரு கோபமில்லை, நாலைந்து. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த ஒன்றை மட்டும் கேட்டாள்.

"அப்ப எம் பக்கத்துல வந்து வந்து உக்காந்ததெல்லாம் இதுக்குத்தானா?"

ராஜமாணிக்கத்துக்கு முதலில் மூச்சு சேர வேண்டியிருந்தது.

"இதுக்குந்தான்," என்றார்.

அவள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழாம் வகுப்பை மூடிவிட்டு லெட்டரைத் திறந்தாள். 'பூரண குணமடைந்துவிட்டபடியால்' என்பது வரை முன்தினம் அடித்து வைத்திருந்தாள். அதை அழித்துவிட்டு, தூசி வேலைக்கு இனி உடம்பு இடம் கொடுக்காது, பேக்கிங்கிலோ கேட் காவலிலோ ஏதாவது இடம் இருந்தால் தெரிவிக்கவும் என்று அடித்தாள். கோதண்டபாணியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். அவர் எட்டிப் பார்த்து முழுதும் படித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. வழக்கம்போல டீக்கடைக்குப் போக நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"உக்காருங்க. டீ நான் வெக்கிறேன்."

உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் வரை அவர் அந்த இடத்திலேயே இருந்து, அடக்காமல் இருமிக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொன்றையும் கேட்டபடி ஏழாம் வகுப்பு அறிவியலை அடித்து முடித்தாள்.