சமதரை

என் வீட்டுக்காரருக்குக் கோபம் ஒரு வியாதி என்று முதலில் சொன்னவர் அவருடைய முதலாளி. ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்த்த பெயிண்டரின் தாடையை இவர் ஸ்பேனரால் பெயர்த்தபோது, "போலீஸா, ஆஸ்பத்திரியா, நீயே சொல்லு" என்றார். இவர் ஆஸ்பத்திரி என்றார். என் தாடையைப் பெயர்த்தபோது அப்படிக் கேட்க எனக்கு முதலாளி இல்லை. மாமியார்தான் இருந்தாள், "அவனுக்குக் கை கொஞ்சம் முந்திக்கும், நீ வாயைக் குறைச்சுக்கோ" என்று சொல்வதற்கு.

பெரிய ஆஸ்பத்திரியில் அப்போது கோபத்தை அடக்கும் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு அவரவரைத் தனியாகக் கூப்பிட்டு, புரிகிற மாதிரி சொல்வோம் என்றார்கள். வாராவாரம் ஒரு நர்ஸ் எனக்குப் போன் செய்வாள். கத்தினாரா, பொருளை உடைத்தாரா, கை ஓங்கினாரா, அடித்தாரா? ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு. மாத்திரை தொடங்குவதற்கு முன்பே சில வாரம் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத மார்க்கையெல்லாம் அவர் வாங்கினார்.

மாத்திரை தொடங்கியதும் அடி நின்றது. ஒரு தட்டுகூட உடையவில்லை. அவர் சட்டென்று எழுந்தால் நான் அடுப்படிச் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். அவர் தண்ணீர் குடிக்கத்தான் எழுந்திருப்பார். போகப் போக ஒட்டிக்கொள்வதை விட்டேன். ராத்திரி மல்லாந்து படுத்துத் தூங்கினேன். அந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாலே எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

சோதனை முடிந்தது, மாத்திரையையும் நிறுத்தினார்கள். அந்த வாரமே என்னைத் தூக்கிக் கதவு நிலையில் மோதினார், தோள்பட்டை இறங்கிவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே, "மாத்திரை இல்லையே, நான் என்ன பண்றது" என்றார். அதன் பிறகு அதுவே பல்லவி. பல் விழுந்தபோதும் அதைத்தான் சொன்னார். அப்போதும் நர்ஸ் சில வாரம் போன் செய்தாள். "அக்கா, உங்களுக்கு உதவி ஏதாவது வேணுமா" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். "மாத்திரை குடுங்க போதும்" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

அவ்வளவு நம்பினேன். நம்பித்தான், திருப்பிக் கொடுக்கவேண்டிய அட்டை ஒன்றை முன்பே பதுக்கி வைத்திருந்தேன். அவருக்குத் தெரியாமல் ஒரு மாத்திரையைப் பொடித்து டீயில் கலந்தேன். குடித்தார், கப்பை வைத்தார், சர்க்கரை குறைவு என்று என் தலையைச் சுவரில் இடித்தார். அளவு பத்தவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் இரண்டாகப் போட்டேன். அன்றைக்கு விரலை ஒடித்தார்.

அந்த விரலில் கட்டோடுதான் முடிவைக் கேட்கப் போனேன். எப்படியாவது அந்த மாத்திரையை வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பாடையில்தான் தூக்குவார்கள் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. சின்ன அறை. மேஜை, மூன்று நாற்காலி, ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர். இளவயது டாக்டரம்மா ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"எங்க கணக்கை அப்படியே சொன்னா யாருக்கும் புரியாது. அதனால ஒரு ரோடு மாதிரி வரைஞ்சிருக்கேன். மேடா இருந்தா அந்த வாரம் வீட்டுல அடிதடி. சமதரையா இருந்தா அமைதி."

முதலில் மேடு மேடாக இருந்தது. நடுவில் நீளமாகச் சமதரை. பிறகு மறுபடி மேடு. கடைசி மேடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். இது தோள்பட்டை. இது பல். இது தொடுகிற இந்த விரலேதான்.

"பாத்தீங்களா டாக்டர்" என்றார் அவர். "மாத்திரை இருந்தா நான் தங்கம். அதைக் குடுத்துடுங்க, நானும் நிம்மதியா இருப்பேன், இவளும் இருப்பா."

டாக்டரம்மா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "உங்களுக்குக் குடுத்தது மருந்து இல்லாத மாத்திரை. வெறும் மாவு. இந்தச் சமதரை முழுக்க உங்க உடம்புல எந்த மருந்தும் இல்ல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ எனக்கு வியாதியே இல்லையா? பாத்தியாடி, நானா அடக்கியிருக்கேன்" என்று என் தொடையில் தட்டினார்.

நான் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தரம் சொல்லுங்க டாக்டர்."

அவள் நிதானமாகச் சொன்னாள். "மருந்து சாப்பிடறோம்ங்கற நம்பிக்கை, வாராவாரம் ஒருத்தர் விசாரிக்கறாங்கங்கற நினைப்பு, இதெல்லாம்கூட மனுஷனை மாத்தும். அவர் நடிச்சார்னு அர்த்தம் இல்ல."

"நான் அதைக் கேக்கல. அவரால நிறுத்த முடிஞ்சுதா இல்லையா?"

அவள் தாளைப் பார்த்தாள். "முடிஞ்சிருக்கு."

"நான் ஒரு அட்டையை ஒளிச்சு வெச்சு டீயில கலந்து குடுத்தேன் டாக்டர். தெரிஞ்சு முழுங்கினப்போ அடிக்கல. தெரியாம குடிச்சப்போ விரலை ஒடைச்சான்." இவ்வளவு வருடம் சுமந்த மரியாதை அந்த இடத்தில் கழன்று விழுந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை.

"டீயில கலந்தியா" என்று எழுந்தான். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். ஜாடி விழுந்து சிதறியது. மூக்கு ரத்தம் அந்தச் சமதரை முழுக்க வழிந்தது. இரண்டாம் முறை மோதினான். டாக்டரம்மா கத்த, மறுபடி கையை ஓங்கினான். அப்போது கதவைத் திறந்துகொண்டு செக்யூரிட்டி வந்தான், அவனைப்போல் ஒன்றரை ஆள் இருப்பான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. நின்று, மெதுவாக இறங்கி, தன் தலையைக் கோதிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல சார். குடும்ப விஷயம்."

வலி எனக்கு உறைக்கவே இல்லை. அந்தக் கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சுலபமாக நின்றுவிட்டது.

அவனை வெளியே இழுத்துப் போனார்கள். டாக்டரம்மா என் மூக்கில் பஞ்சு வைத்தாள். போலீஸுக்குச் சொல்வதாகவும், பத்திரமாகத் தங்க இடம் இருப்பதாகவும் சொன்னாள். "துணிமணி எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். தனியாகப் போகாதீர்கள் என்றாள். அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற தைரியத்தில் வீட்டுக்குப் போனேன். அவனோ கெஞ்சிக் கூத்தாடி வாசலிலேயே நழுவியிருக்கிறான்.

பை பாதி நிறைந்திருந்தது. சாவி திரும்பும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக் கதவு இரும்பு. உள்ளே சங்கிலி போட்டிருந்தேன். சங்கிலி விட்ட அளவுக்குக் கதவு திறந்தது. அந்த இடுக்கு வழியாக அவன் கை நுழைந்து கொக்கியைத் தேடியது. நகக்கண்ணில் கிரீஸ். இருட்டிலும் எனக்கு அடையாளம் தெரியும் கை.

கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தேன்.

"ஏய், கை மாட்டிக்கிச்சு. திறடி."

வாசல் நடை குறுகல்; எதிர்ச் சுவரில் காலை ஊன்றிக்கொண்டேன். எலும்பு முறியும் சத்தம் எனக்குப் பழகியதுதான். அதை வெளியிலிருந்து கேட்பது அன்றுதான் முதல் தடவை.

"ஐயோ, கொல்றியேடி. நிறுத்து."

"மாத்திரை இல்லையே" என்றேன். "நான் என்ன பண்றது."

கண் மறைத்துவிடும், என்ன செய்கிறோம் என்றே தெரியாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறான். எனக்கு எல்லாம் தெரிந்தது. குழாய் சொட்டுவது கேட்டது. பையில் சீப்பு வைக்க மறந்தது ஞாபகம் வந்தது. சுவரிலிருந்து காலை எடுத்தால் கதவு விலகும், அவன் கை வெளியே போய்விடும் என்பதும் தெரிந்தது. எந்த நொடியும் நிறுத்தலாம். அவனுக்கும் ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கும். அது புரிந்ததும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன்.