பதினொரு ஓம்

அருமைநாயகிக்கு லண்டனில் ஆறு வருஷமாக ஒரே வேலைதான்: மற்றவர்கள் தொழில் படிக்கிற இடத்தைத் துடைப்பது. செவன் கிங்ஸ் வீட்டிலிருந்து விடியவே பஸ் பிடித்துப் போய், ஒரு தொழிற்கல்லூரியின் மின்சாரப் பட்டறையைக் கூட்டி, மேசைகளுக்குக் கீழே கிடக்கும் செப்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்குவாள். அந்தத் துண்டுகளைப் பார்த்தே, முதல்நாள் படித்த பெடியன்கள் எங்கே பிழை விட்டார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்து என்ன, கூட்டுகிறவளிடம் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

வீம்புக்குச் சொல்லவில்லை. சுன்னாகத்தில் தமையனுடைய கடையில் பதினான்கு வருஷம் மோட்டர் கட்டியவள் அவள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர் எரிந்து போனால், கருகின கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றித் திரும்ப ஓட வைக்கிற வேலை. தமையன் முன்னால் இருந்து பேப்பர் வாசிப்பார், பின்னால் இருந்து சுற்றுவது முழுக்க இவள். பெயர்ப்பலகையில் தமையன் பெயர், பற்றுச்சீட்டில் தமையன் பெயர். நாட்டை விட்டு வரும்போது, இவளுக்கு இந்தத் தொழில் தெரியும் என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை.

தொண்ணூற்று மூன்று மார்ச் மாதம் கல்லூரி நடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் இரண்டு வருஷம் வகுப்பில் குந்தியிருக்கத் தேவையில்லை, செய்து காட்டினால் போதும் என்று அதில் இருந்தது. அருமைநாயகி மூன்று தரம் வாசித்தாள். அடியில் ‘தெவிதாவைச் சந்திக்கவும்’ என்று போட்டிருந்தது. யாரோ நம்முடைய பிள்ளை, தேவிதாவாக இருக்கும், இவர்கள் எழுத்துப்பிழை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, துள்ளிக்கொண்டு போய் அந்த அறைக் கதவைத் தட்டினாள்.

உள்ளே இருந்தது ஆறடி உயரத்தில் ஒரு ஆம்பிளை. பீஜித் தீவுக்காரர், அங்கே தெவிதா என்பது ஆம்பிளைப் பெயர். இவளுடைய கையுறையைக் கண்டதும் மேசைக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையை எடுத்து நீட்டினார்.

“குப்பைக்கு வரவில்லை,” என்று தன் இங்கிலீஷில் சொன்னாள். “நோட்டீசுக்கு வந்தேன்.”

மனிதருக்கு முகம் சுண்டிப் போயிற்று. கூடையை வைத்துவிட்டு எழுந்து நின்று, தானே கதிரையை இழுத்துப் போட்டார். தன்னுடைய தீவுகளில் தாள் இல்லாத தொழிலாளிகள்தான் அநேகம் என்றார். ஒரு படிவக் கட்டோடு தீவு தீவாகப் போய், படகு எஞ்சின் பூட்டுகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவர் அவர். “நீ எங்கே படித்தாய் என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. செய், பார்க்கிறேன் என்பேன். உங்களையும் அதுதான் கேட்கிறேன்.” அருமைநாயகிக்கு அந்த இடத்திலேயே அழுகை வரப் பார்த்தது.

அவள் கெட்டிக்காரி, அதோடு நிற்கவில்லை. வால்தம்ஸ்டோவில் மோட்டர் திருத்துகிற ஒரு பட்டறைக்குக் கம்பி சுற்ற ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, அந்தக் கிழமையே போய்க் கேட்டாள். முதலாளி அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தார். “ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழைக் கொண்டு வாருங்கள், வேலை உங்களுக்கு. வராவிட்டால் வேறு ஆளை எடுப்பேன்,” என்றார். வாளியையும் துடைப்பத்தையும் விட்டுவிட்டு மறுபடி கம்பியைப் பிடிக்கலாம். அதை நினைத்து நினைத்து அவளுக்கு நித்திரை வரவில்லை.

தெவிதாவின் பரீட்சைக்கு முதல்நாள் புருஷன் தில்லையம்பலம் பாடம் எடுத்தார். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை, ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுகிற வாய் அவருக்கு. ஆனால் மனைவிக்குச் சொன்ன புத்தி வேறு.

“இஞ்சாரும், நீர் கனக்கக் கதைக்கப்படாது. கதைக்கக் கதைக்க இங்கிலீஷ் பிழைக்கும். கேட்டதுக்கு ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. அவ்வளவுதான்.”

“நீங்கள் ஒரு நாளைக்காவது அப்பிடிக் கதைச்சிருக்கிறியளோ?” என்றாள் அருமைநாயகி. ஆனாலும் புத்தியை மனதில் வைத்துக்கொண்டாள். அங்கேதான் வினை பிடித்தது.

பரீட்சை இரண்டு நாள். எரிந்த மோட்டர் ஒன்றை முன்னால் வைத்துவிட்டுத் தெவிதா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் பழைய கம்பியின் சுற்றுகளை எண்ணினாள், தடிப்பை அளந்தாள், இரும்புப் பள்ளங்களுக்குள் காப்புத்தாளை வைத்துப் புதுக்கம்பிச் சுருள்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். ஆறு வருஷம் கம்பி தொடாத விரல்கள் முதல் அரைமணி தடுமாறின. பிறகு பார்க்க வேண்டுமே, மனிதர் தேத்தண்ணி குடிக்கவும் மறந்து நின்றார். வார்னிஷ் காய்ந்து மோட்டர் ஓடத் தொடங்கினபோது அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

கடைசியில் வாய்மொழிக் கேள்வி. குரலை ஒரு கசற்றில் பதிந்தார்கள். “கரண்டை நிறுத்தினீர்களா?” “ஓம்.” “கம்பியின் அளவைச் சரிபார்த்தீர்களா?” “ஓம்.” எப்படி, எதனால் என்று கேட்டவற்றுக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதில் சொன்னாள். மற்றதுக்கெல்லாம் புருஷன் சொன்னபடி ஒரு சொல். பதற்றத்தில் அந்த ஒரு சொல் இங்கிலீஷில் வரவில்லை என்பதை அவள் கவனிக்கவே இல்லை. தெவிதா அவளுடைய முகத்தையும் தலையாட்டலையும் பார்த்துக்கொண்டு கேட்டவர், அதனால் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தேர்ச்சி என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார்.

மேலே என்பது பிரிட்சர்ட் என்றொரு மேற்பார்வை அதிகாரி. அவர் ஆளைப் பார்ப்பதில்லை, தாளைப் பார்ப்பார், கசற்றைக் கேட்பார். ஏப்ரல் கடைசி வாரத்துத் திங்களன்று அவருடைய கடிதம் வந்தது. தெவிதா அதை அருமைநாயகிக்கு வாசித்துக் காட்டினார்.

“பதினொரு கேள்விகளுக்கு இவர் ‘ஓம்’ என்று மின்தடையின் அலகை மட்டும் பதிலாகச் சொல்கிறார். எத்தனை ஓம் என்று சொல்லவில்லை. கேள்விகளில் பல மின்தடையைப் பற்றியவையும் அல்ல. தேர்ச்சியை ஏற்க முடியாது.”

அருமைநாயகிக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஓமின் விதி ஞாபகம் வந்தது. இவர் ஏன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்? தெவிதா கசற்றைப் போட்டார். தன் குரல் ஓம், ஓம் என்று கோயில் ஐயர் மாதிரிச் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டதும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. கண்ணீர் வந்த பிறகுதான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

“ஓம் என்றால் எங்கள் பாஷையில் யெஸ்,” என்றாள்.

தெவிதா அப்போதே தொலைபேசியை எடுத்தார். அவர் போட்ட போட்டில் பிரிட்சர்ட் வியாழக்கிழமை பின்னேரம் நேரில் வர ஒப்புக்கொண்டார்.

வந்தவர் ஒல்லியான, நேரம் தவறாத மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கு எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும், அதுதான் அவருடைய வியாதி. “அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ‘யெஸ்’ என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார்.

‘அட கோதாரி,’ என்று அவளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ‘தொழிலுக்குத்தான் சேர்ட்டிபிக்கற் இல்லையெண்டு பாத்தால், என்ர ஓமுக்கும் வேணுமாமே.’ வாயால் சொன்னது வேறு. “தொலைபேசிப் புத்தகத்தை எடுங்கள். நீளமான தமிழ்ப் பெயராகப் பார்த்து நீங்களே ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.”

பிரிட்சர்டுக்கு அது பிடித்துக்கொண்டது. புத்தகத்தைப் புரட்டினார். ‘குருமூர்த்தி’ என்ற பெயரில் விரலை வைத்தார். எண்ணைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினார். புத்தகத்தில் டாக்டர் என்று இருந்தது, இரவு வேலையோ என்னவோ, நித்திரைக் குரலில் வந்தார். நீங்கள் தமிழரா, உங்கள் மொழியில் ‘யெஸ்’ என்பதற்கு என்ன சொல் என்று பிரிட்சர்ட் பணிவாகக் கேட்டார்.

“ஆமா,” என்றது குரல்.

பிரிட்சர்ட் தொலைபேசியை வைத்துவிட்டு அருமைநாயகியைப் பார்த்தார். லண்டனில் இத்தனை யாழ்ப்பாணத்தார் இருக்க, இந்த மனிதரின் விரல் போயும் போயும் இந்தியத் தமிழரிலா போய் நிற்க வேண்டும்?

“அவர் இந்தியா. நாங்கள் யாழ்ப்பாணம்,” என்றாள். “அவர்கள் ஆமா, நாங்கள் ஓம்.”

“ஒரே மொழியில் இரண்டு யெஸ்?”

“ஏன், உங்களுடைய ஸ்கொட்லாந்தில் ‘யெஸ்’ஸுக்கு ‘ஐ’ என்று சொல்வதில்லையா?” என்று தெவிதா இடையில் புகுந்தார். பிரிட்சர்ட் மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். இந்தமுறை கோலியர்ஸ் வுட் பக்கத்தில் இருக்கிற ஒரு ஆனந்தராஜா. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அருமைநாயகி நல்லூர்க் கந்தனிலிருந்து செவன் கிங்ஸ் மூலையில் இருந்த மாதா வரைக்கும் ஒருவரையும் விடாமல் கூப்பிட்டாள். யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

“ஆனந்தராஜா வீடா?” என்று இங்கிலீஷில் கேட்டார் பிரிட்சர்ட்.

“ஓம்.”

“திருமதி ஆனந்தராஜாவா பேசுவது?”

“ஓம் ஓம். ஆர் கதைக்கிறது? கவுன்சில்காரரோ?”

தெவிதா மேசையில் ஒரு குத்துக் குத்தினார், பேனாக்கள் துள்ளின. அருமைநாயகி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரிட்சர்ட் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு, பேனாவைத் திறந்து, கசற்றைக் கேட்டு எழுதிய தாளில் இருந்த பதினொரு ‘ஓம்’களையும் ஒவ்வொன்றாக வெட்டி ‘யெஸ்’ என்று எழுதத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதாவதில் பேனா நின்றது.

“இது பிரச்சினை,” என்றார். “கேள்வி இது: ஏர்த் வயர் இல்லாமல் இந்த மோட்டரை நீங்கள் ஓட்டமாட்டீர்கள், இல்லையா? நீங்கள் யெஸ் என்கிறீர்கள். எங்கள் மொழியில் அதற்கு, ஓட்டுவேன் என்று அர்த்தம்.”

“ஓட்டமாட்டேன் என்றுதான் யெஸ் சொன்னேன்.”

“ஓட்டமாட்டீர்கள் என்றால் ‘நோ’ சொல்லியிருக்க வேண்டும். இது ஆளைக் கொல்லக்கூடிய பிழை. இந்த ஒன்றுக்காகவே நான் நிராகரிக்க வேண்டும்.”

இவ்வளவு தூரம் வந்து ஒற்றைச் சொல்லில் கவிழ்வதா? ‘ஓட்டமாட்டியள்தானே’ என்று கேட்டால் நாங்கள் ‘ஓம், ஓட்டமாட்டன்’ என்போம், இவர்கள் தலைகீழாகச் சொல்வார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது? அவள் நியாயத்தை எடுத்துச் சொன்னாள், தெவிதாவும் தன் பங்குக்கு வாதாடினார். அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்க, பிரிட்சர்ட் எழுந்து பக்கத்துப் பட்டறைக்குள் போய்விட்டார். சற்று நேரம் கழித்து அங்கிருந்து கூப்பிட்டார்.

அவள் கட்டின மோட்டர் மேடையில் இருந்தது. “எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது. இதை ஒருதரம் ஓட்டிக் காட்டுங்கள், முடிவு சொல்கிறேன்,” என்றார்.

அருமைநாயகி பாய்ந்து சுவிட்சடிக்குப் போனாள். கை சுவிட்சுக்குப் போகுமுன் கண் மோட்டரைச் சுற்றி வந்தது, அது அவளுடைய பழக்கம். ஒழுகுகிற கரண்டை நிலத்துக்கு இறக்குகிற பச்சை மஞ்சள் வயர் பூட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏர்த் இல்லை.”

“தெரியும். அரை நிமிஷம்தானே. போடுங்கள்.”

“பூட்டிவிட்டுப் போடுகிறேன்.”

“நேரமில்லை. நான் அதிகாரி, நான் சொல்கிறேன். போடுங்கள்.”

போட்டால் மனிதர் சந்தோஷமாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் போகலாம். போடாவிட்டால் கோபித்துக்கொண்டு போவார், நாளைக்கு வால்தம்ஸ்டோ இல்லை, வாளிதான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து சூப்பர்வைசர், கவுன்சில், ஹோம் ஒபிஸ் என்று கதிரையில் இருந்த ஒருவருக்கும் அவள் மறுத்துச் சொன்னதில்லை.

“நோ,” என்றாள்.

சொன்ன கையோடு சுவிட்சுப் பெட்டியைத் திறந்து மூன்று பியூஸையும் உருவித் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தான் விலகினாலும் வேறு யாரும் போட்டுவிடக் கூடாதல்லவா, அதற்கு.

பிரிட்சர்ட் கையை நீட்டினார். “பியூஸைத் தாருங்கள்.”

“நோ. ஏலாது. நீங்கள் சேர்ட்டிபிக்கற் தராட்டிலும் ஏலாது.” பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். பையைப் பொத்தின கையை அவள் எடுக்கவில்லை.

பிரிட்சர்ட் நீட்டின கையை மடக்கிக்கொண்டார். பிறகு அந்தப் பதில் தாளை மேடைமேல் வைத்து, ஒன்பதாவது கேள்விக்கு நேரே எழுதி, அடியில் கையெழுத்தும் வைத்து அவள் பக்கம் திருப்பினார். ‘தேர்ச்சி. நேரில் கண்டேன்.’

தெவிதா அவளைத் தூக்காத குறையாகக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தாள்.

“வயரை நான்தான் கழற்றினேன்,” என்றார் பிரிட்சர்ட், கொஞ்சம் வெட்கத்தோடு. “வாழ்த்துகள். இப்போது பியூஸைத் தாருங்கள், உங்கள் மோட்டர் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.”

“நீங்களோ கழற்றினது?” அருமைநாயகிக்குச் சந்தோஷமெல்லாம் ஒரு பக்கம் போய்க் கோபம் வந்துவிட்டது. மேடையில் கிடந்த ஸ்பானரை எடுத்து அவர் கையில் வைத்தாள். “கழற்றினவர்தான் பூட்ட வேணும்.”

பிரிட்சர்ட் கோட்டைக் கழற்றித் தெவிதாவிடம் கொடுத்துவிட்டு, மேடையடியில் முழங்காலில் நின்று வயரைப் பூட்டினார். அருமைநாயகி குனிந்து அதை இழுத்துப் பார்த்தாள்.

“இன்னும் ஒரு சுற்று இறுக்குங்கோ,” என்றாள்.