ஒரு நூல் உள்ளே

அதிகாரியின் மனைவி நான்கு சட்டைகளை மேசைமேல் வைத்தாள். எல்லாம் வெள்ளை. வைத்துவிட்டுப் போகாமல், மேலே இருந்த சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. சட்டை தானா சுருங்குமா?”

தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை. “ஏம்மா?”

“இவருக்குக் கழுத்து பெருத்துக்கிட்டே போகுதாம். முதல்ல என் சமையல்தான் காரணம்னாரு. ராத்திரிச் சாப்பாட்டையே விட்டாரு. உடம்பு துரும்பாயிடுச்சு, கழுத்து மட்டும் இறுக்குதாம். இப்ப என்னடான்னா, கழுத்து சரியாத்தான் இருக்கு, சட்டைதான் சுருங்குதுங்கறாரு.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“ஓய்வு எடுக்கச் சொல்றாரு. ஓய்வு எடுத்தா சட்டை பெருசாகுமான்னு இவரு அவரையே கேக்கறாரு.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

தையலும் இஸ்திரியும் செய்யும் கடை. அதிகாரியின் சட்டைகள் வாராவாரம் இங்கேதான் வரும். ஒவ்வொரு முறையும் தையல்காரி கழுத்துப் பொத்தானைப் பிரித்து, ஒரு நூல் அளவு உள்ளே தள்ளித் தைப்பாள். பழைய துளைகளை இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் மூடுவாள். கண்ணுக்குத் தெரியாது. கழுத்துக்குத் தெரியும்.

இதை அவள் கண்டுபிடிக்கவில்லை. கற்றுக்கொண்டாள்.

அவள் கணவர் தண்ணீர் நிலையத்தில் பரிசோதகராக இருந்தார். குழாயில் வருவதைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னார். யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த வாரம் வீட்டுக் கடிகாரம் பின்னால் போனது. செருப்பு இடம் மாறிக் கிடந்தது. உப்பு டப்பாவில் சர்க்கரை இருந்தது. நீ மாற்றினாயா என்று அவளைக் கேட்டார். அவள் மாற்றவில்லை.

பிறகு நலம் விசாரிப்புத் துறையிலிருந்து இதே அதிகாரி வந்தார். கூடப் பிறந்தவர் மாதிரி பேசினார். “உங்க வார்த்தைதாம்மா அவருக்கு மருந்து. இல்லாததை இல்லைன்னு சொல்லுங்க, அது போதும்.” தேநீர் குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். தங்கமான மனிதர் என்று அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள்.

ஒருநாள் காலை, “சட்டை சுருங்குது” என்றார் கணவர். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். அவர் சட்டை ஒவ்வொன்றும் அவள் கைப்படத் தைத்தது. “நான் தைச்சது. சுருங்காது” என்று சொல்லி, அவளே பொத்தானை இழுத்து மாட்டிவிட்டாள். அவர் இருமினார். அதற்குப் பிறகு எதற்கும் அவர் வாதாடவில்லை. துறை யாரையும் பிடித்துக்கொண்டு போவதில்லை. வீட்டில் இருப்பவர்களே கைபிடித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அவளும் ஏற்றிவிட்டாள்.

அலமாரியை ஒழித்தபோதுதான் பார்த்தாள். அவள் பொத்தானுக்கு நூலை இரண்டு கோடாக ஓட்டுவாள். அவர் சட்டைகளில் கழுத்துப் பொத்தான் மட்டும் குறுக்குத் தையலில் இருந்தது. பக்கத்தில் பழைய துளைகள். ஊசி பிடிக்கிற கை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

இப்போது அவர் இருக்கும் மனநல இல்லத்தில் கழுத்துப்பட்டை இல்லாத அங்கி தருகிறார்கள். அவள் போய் நின்றால், அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் கழுத்தில் பொத்தானைத் தேடுகிறார்.

அதிகாரி இருக்கும் தெருவில் கடை பிடித்தாள். முதல் சட்டையைக் கொடுக்க அவரேதான் வந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை. எத்தனை வீட்டு டம்ளர்களைக் கழுவியிருப்பார்.

“நேத்து இவரு ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வந்தாரு” என்றாள் மனைவி. “தங்கமான மனுஷன். டீ குடிச்ச டம்ளரைக்கூட அவரே கழுவி வெச்சாரு.”

மிஷின் நின்றது.

“நாளைக்குக் காலைல வண்டி அனுப்பறாங்களாம். இவரு என் கையப் புடிச்சுக்கிட்டு அழறாரு. ‘இது நாங்க மத்தவங்களுக்குச் செய்யறதுடி. எனக்கு யாரோ செய்யறாங்க. நீயாவது நம்பு’ங்கறாரு. எனக்கு எதை நம்பறதுன்னே தெரியலக்கா. வாராவாரம் அந்தச் சட்டைங்களைத் தொடறவங்க நீங்க. சுருங்கியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வண்டியத் திருப்பி அனுப்பிடறேன்.”

பழிவாங்குவதை நினைத்துக்கொண்டு படுத்த இரவுகளில் எதிரே அதிகாரி மட்டும்தான் நின்றார். இவள் நின்றதில்லை. இவள் கேட்க வந்திருக்கிறாள். தான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை என்பது தையல்காரிக்கு நினைவு வந்தது. அதற்காக இவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

சட்டையை வாங்கி, கழுத்தை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள்.

“என் கையால தைச்சதும்மா. சுருங்காது.”

“அதானே” என்றாள் மனைவி. முகம் தளர்ந்தது. அடுத்த நொடி கண் கலங்கியது. தையல்காரிக்குத் தெரிந்த முகம்தான். தேய்த்து வைத்திருந்த போன வாரச் சட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு மனைவி படியிறங்கினாள்.

எதிர்ச்சாரியில் அதிகாரி நின்றிருந்தார். கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. மனைவி சாலையைக் கடந்து போய் ஏதோ சொன்னாள். சொல்லிக்கொண்டே சட்டைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கி, இரு கையாலும் அவர் கழுத்துப் பொத்தானை மாட்டப்போனாள்.

அவள் தோளுக்கு மேலாக அவர் கடையைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். பிறகு தையல்காரியை, முதல்முறையாக, உற்றுப் பார்த்தார். வாய் திறந்தது. கையை உயர்த்தி இந்தப் பக்கம் காட்டினார்.

மனைவி திரும்பவில்லை. உயர்ந்த கையைப் பிடித்து, குழந்தையின் கையை இறக்குவதுபோல் மெல்ல இறக்கிவிட்டு, மறுபடி பொத்தானைத் தேடினாள்.