பிரெஞ்சுப் பிரதியே செல்லும்

"ஒரு தேசம் பிறக்கும்போது வரலாறு மூச்சடக்கி நிற்கும்" என்றார் அரிகிருஷ்ணன். முதலியார்பேட்டையில், சாராயக்கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில், நின்றது மின்விசிறி மட்டும்தான்.

1979. புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைத்துவிடுவார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. இணைப்பும் வேண்டாம், தனி நாடே வேண்டும் என்று புறப்பட்ட அரசியல் நிர்ணய சபையில் மூன்று பேர். தலைவர் அரிகிருஷ்ணன், பிரெஞ்சுக்காரர் காலத்து நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். எல்லோருக்கும் அவர் 'முசே', பிரெஞ்சில் 'ஐயா'. கிடங்கும் கடையும் பக்கிரியுடையவை. மில் தொழிலாளி அஞ்சலாட்சியைச் சேர்த்ததற்குக் காரணம், அவள் கூப்பிட்டால்தான் ஊர்வலத்துக்கு ஆள் வரும் என்பது.

புது நாட்டுச் சட்டத்தில் அவள் கேட்டது ஒரே ஒரு விதி: குடியிருப்பவரைக் குடிசையிலிருந்து யாரும் கிளப்பக்கூடாது. அவள் குடிசை இருந்தது பக்கிரியின் மனையில்.

"தங்கச்சி, உனக்கு நாடு வேணுமா, குடிச வேணுமா?" என்றார் பக்கிரி.

"குடிசதாண்ணே. நாடு உங்களுக்கு வேணும்னுதான என்னியக் கூப்ட்டீங்க."

பக்கிரி கிடங்குச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். உடனே 'யாரும்' என்பது 'தக்க காரணமின்றி யாரும்' ஆயிற்று. ஊர்வலத்துக்கு ஆள் வராது என்றாள் அஞ்சலாட்சி. 'தக்க காரணமின்றி' அடிபட்டது. கடைசியில் முசே, பக்கிரியைத் தனியே அழைத்துப்போய்ச் சமரசம் செய்தார். தமிழ்ப் பிரதியில் அவள் விதி அப்படியே இருக்கும். பிரெஞ்சுப் பிரதியில் இருக்காது. முரண்பட்டால் பிரெஞ்சே செல்லும். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து அதுதானே வழக்கம். அஞ்சலாட்சிக்குத் தமிழை மட்டும் வாசித்துக் காட்டினார்கள். நாடு கிடைக்கும்வரை சட்டம் சபையினரைக் கட்டுப்படுத்தும் என்று மூவரும் கை தூக்கினார்கள். முசே கையெழுத்துப் போட்ட தமிழ்ப் பிரதி அஞ்சலாட்சி கைக்குப் போயிற்று.

ஊர்வலம் பிரமாதம். இணைப்புப் பேச்சும் அடங்கியது. தனி நாட்டை அப்புறம் யாரும் கேட்கவில்லை. பக்கிரி அந்த மனையில் இன்னொரு கடை போடுவதற்காகக் குடிசையைப் பிரித்துப்போட்டார்.

பாத்திரங்களைத் தெருவில் போட்டுவிட்டு, தமிழ்ப் பிரதியோடு அஞ்சலாட்சி முசே வீட்டுக்குப் போனாள்.

"விதி இருக்குதே முசே. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க."

"தமிழ்ல இருக்கும்மா. பிரெஞ்சுல இல்லியே. பிரெஞ்சுதான் செல்லும்."

"அப்ப அதக் குடுங்க. எங்க தெருவுல பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரு ஒருத்தரு இருக்காரு, படிச்சுச் சொல்லட்டும்."

முசே அலமாரியைத் திறந்தார். மூடினார். நாளைக்கு வரச் சொன்னார்.

பிரெஞ்சுப் பிரதி எழுதப்படவே இல்லை. முசேவுக்குப் பிரெஞ்சு எழுத வராது.